உப்பில்லாத வீடுகள்

மார்ச் 4, செவ்வாய்

மதியம் 2.43. மில்லில் ஈரப்பத விசிறி நின்றுவிட்டது. அதன் மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவி காளீஸின் தம்பி கனிராஜ் கூப்பிட்டான்.

"மாமா, அக்கா போயிருச்சு மாமா."

"சரி" என்றேன்.

மூடியை மாட்டி நான்கு திருகாணிகளையும் முறுக்கினேன். மல்டிமீட்டரைப் பெட்டியில் வைத்தேன். 2.49க்கு சூப்பர்வைசரிடம் சொன்னேன். நடுவில் ஆறு நிமிடம். திறந்த மோட்டாரை அப்படியே போட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது பழக்கம்.

நேற்று டாக்டர் சொன்னது: "இது தண்ணியில வர்ற காமாலை. மத்தவங்களுக்கு வந்தா ஒரு மாசத்துல எந்திரிச்சிருவாங்க. மாசமா இருக்கிறவங்களுக்குத்தான் ஈரலை மொத்தமா முடிச்சிரும்." எந்தத் தெருத் தண்ணீர் என்று கேட்டார். செண்பகத் தோட்டம் நாலாவது தெரு என்றேன். எழுதிக்கொண்டார்.

எனக்கு லீவு முடிந்திருந்தது. அதனால்தான் இன்று மில்லில் இருந்தேன்.

மார்ச் 5, புதன்

எரித்தாயிற்று. குழந்தையைத் தனியாக எடுத்துப் புதைத்தார்கள். ஆண். ஏழு மாதம்.

மார்ச் 8, சனி

இன்று தண்ணீர் முறை. ஒன்பது நாளைக்கு ஒரு தடவை, காலை ஆறிலிருந்து எட்டு வரை. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் படுத்திருந்தார்கள். ஆறு மணிக்கு எழுந்து, நகராட்சிக் குழாயில் மாட்டியிருக்கிற மோட்டாரின் சுவிட்சைப் போட்டேன். இரண்டு டிரம், தொட்டி, பதினொரு குடம். எல்லாம் நிரம்பின. ஏழு மணிக்கு அணைத்தேன். முதல் ஐந்து நிமிடம் மட்டும் கொஞ்சம் வாடை வரும். இன்றும் வந்தது. அதைக் கீழே விட்டுவிட்டுப் பிடித்தால் சரியாகிவிடும்.

மாமியார் அந்தத் தண்ணீரில் காப்பி போட்டார். குடித்தேன்.

தெருவின் கடைசி வீட்டுச் சங்கரலிங்கம் அண்ணாச்சி துக்கம் கேட்க வந்தார். பஸ் டெப்போவில் ரிட்டயர்டு. தெருச் சங்கத்துக்குத் தலைவர். பத்து நிமிடம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழும்போது என் கையைப் பிடித்தார்.

"கேக்கக்கூடாத நேரந்தான் தம்பி. மோட்டாரு ஒரு மாதிரி கிர்ருங்குது."

"பேரிங்கு அண்ணாச்சி. மாட்டும்போதே சொன்னேன், பழசு வேணாம்னு."

"பதினாறு முடியட்டும். மெதுவா வா."

மார்ச் 10, திங்கள்

மில்லுக்குப் போனேன். விசிறி ஓடுகிறது.

மார்ச் 12, புதன்

நகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். பெயர் பிரேமகுமாரி. ஐம்பது வயது இருக்கும். வெயிலில் வந்த கோபம் முகத்திலேயே தெரிந்தது.

"இந்த மூணு மாசத்துல வீட்ல யாருக்காவது காமாலை வந்துச்சா?"

"என் சம்சாரம் செத்துட்டா."

"அது தெரியும் தம்பி. அதுனாலதான் என்னைய அனுப்பிருக்காக. வேற யாருக்காவது?"

"இல்ல."

நோட்டை மூடினார். "முப்பத்திநாலு வீடு. முப்பத்திமூணு வீட்ல யாருக்கும் தும்மல்கூட வரல. இம்புட்டு ஆரோக்கியமான தெருவ எஞ்சர்வீசுல பாத்ததில்ல."

அவர் போகும்போது சங்கரலிங்கம் அண்ணாச்சி தெருவில் மறித்துக்கொண்டார். சன்னல் வழியாகக் கேட்டது.

"நீ காமாலைத் தெருன்னு எழுதிட்டுப் போயிருவ. சித்திரையில எம்பொண்ணப் பாக்க வர்றாக. அவுக காதுல விழுந்தா நீயா வந்து பதில் சொல்லுவ? மாடியில குடியிருக்கறவனும் காலி பண்ணிருவான்."

"ஒங்க மாடியில ஒரு புள்ள அஞ்சு மாசமா இருக்கா அண்ணாச்சி. செல்வராணி. அவளுக்காகத்தான் கேக்கேன்."

"அவளுக்கு ஒண்ணுமில்ல. போங்க."

நான் சன்னலைச் சாத்தினேன். இவர்கள் யாரையும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நர்ஸையும்தான். எழுதிக்கொண்டு போய் என்ன செய்யப்போகிறார்? எழுதுகிற நேரத்தில் ஒருத்தி செத்துப்போனாள்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் எதிர்வீட்டு மரகதத்தக்கா கதவைத் தட்டினார். தையல் கடை வைத்திருக்கிறார். தெருவில் இருக்கிற மகளிர் குழுவுக்கும் அவர்தான் தலைவி. "தவசி, வெளிய வா. ஒண்ணும் பேச வேணாம். சும்மா நில்லு."

அவர் வாசலில் கோலப்பொடியால் தெருவையே வரைந்திருந்தார். நடுவில் நீளக் கோடு. இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக வீடுகள். தெருவின் நடுவே சாக்கடை குறுக்கே போகும் இடத்தில் நீலப்பொடி. சுற்றிலும் இருபது இருபத்தைந்து பெண்கள். நர்ஸ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"காமாலை யாருக்குன்னு கேட்டீகன்னா பாடையில போற வரைக்கும் ஒருத்தியும் சொல்ல மாட்டா" என்று மரகதத்தக்கா நர்ஸிடம் சொன்னார். "யாரு வீட்ல உப்பில்லாம பொங்குனாகன்னு கேளுங்க."

இங்கே காமாலை வந்தால் யாரும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் பச்சிலை வாங்கிக் குடிக்கப் பக்கத்து ஊருக்குப் போவார்கள். பச்சிலை குடித்தால் பத்து நாள் உப்பும் எண்ணெயும் ஆகாது. ஆஸ்பத்திரிச் சீட்டை மறைத்துவிடலாம். உப்பில்லாத சோற்றை மறைக்க முடியாது. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு போகாது, ஊறுகாய் வராது.

மரகதத்தக்கா கல்லுப்புக் கிண்ணத்தை நடுவில் வைத்தார். முதலில் யாரும் தொடவில்லை. பிறகு ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியைக் கை காட்டினாள்.

"இவ வீட்லயுந்தான். அன்னைக்கு ரசம் குடுத்தேன், வேணாம்னுட்டா."

"அது எம்மாமியாருக்குப் பிரசரு!"

"பிரசருக்கு எவளாவது கீழாநெல்லி அரைப்பாளா? ஒன் அம்மி பச்சையா கெடந்துச்சே."

சிரித்தார்கள். அந்த மாமியார்க்காரியே குனிந்து ஒரு கல் உப்பை எடுத்துத் தன் கட்டத்தில் வைத்தாள். "வச்சாச்சு. இப்ப ஒன் கட்டத்துல வையி. தை மாசம் ஒம்புருசன் மஞ்சக் கண்ணோட திரிஞ்சத நான் பாக்கலன்னு நெனச்சியா?" சண்டையும் சிரிப்புமாகப் பதினான்கு கட்டங்களில் உப்பு விழுந்தது.

என் கட்டம் வந்தபோது மரகதத்தக்கா உப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். எங்கள் வீட்டில் இரண்டு ஞாயிறு பச்சிலை. வண்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்துப் போனது நான்தான். மூன்றாவது ஞாயிறுதான் ஆஸ்பத்திரி.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உப்பு முழுக்கச் சாக்கடைக்கு இந்தப் பக்கம். தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வு இருக்கிற முன்பக்கம் ஒரு கல் கூட இல்லை.

"நீ படிச்சவன். இது என்ன தம்பி?" என்றார் நர்ஸ்.

"சாக்கடைக்கு அடியில குழாய் விரிஞ்சிருக்கும்."

"விரிஞ்சா தண்ணி வெளியதான போகும்? சாக்கடை எப்படி உள்ள வரும்?"

"தெரியல" என்றேன்.

வீட்டுக்குள் வந்துவிட்டேன். விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியேதான் போகும். வெளியே இருப்பது உள்ளே வரவேண்டுமானால் குழாய்க்குள் அழுத்தம் குறையவேண்டும். யாரோ உறிஞ்சவேண்டும். பாலிடெக்னிக்கில் முதல் வருடப் பாடம்.

மார்ச் 17, திங்கள்

தண்ணீர் முறை. நர்ஸ் ஆறு மணிக்கே வந்துவிட்டார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுகிறார். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். இந்த ஒரு விஷயத்தில்தான் மஞ்சள் நல்லது.

தெரு ஆரம்பத்தில் நல்ல மஞ்சள். சாக்கடையைத் தாண்டினால் வெள்ளை. என் வீட்டிலும் வெள்ளை.

"மோட்டார அணைச்சிட்டுப் பிடிங்க" என்றார்.

அணைத்தேன். தண்ணீரே வரவில்லை. குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தார். விரலை உள்ளே இழுத்தது. அவர் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தெருவுல மொத்தம் எத்தன மோட்டாரு?"

"பத்தொன்பது."

"அம்புட்டுச் சரியா தெரியுது ஒனக்கு."

அவர் போனதும் மறுபடி சுவிட்சைப் போட்டேன். டிரம் பாதிதான் நிரம்பியிருந்தது.

மார்ச் 19, புதன்

பதினாறாம் நாள் காரியம். மாமியார் எல்லாருக்கும் முன்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எம்புள்ளைய ஒரு கொடம் தூக்க விட்டியாய்யா நீ? மாசமா இருக்கான்னதும் மோட்டாரு வாங்கி மாட்டிக் குடுத்தியே. தெருவுல எல்லாரும் அதப் பாத்துத்தான மாட்டுனாக. இப்படி ஒரு மருமகன் கெடைச்சும் அவளுக்குக் குடுத்து வைக்கலயே."

சாப்பாடு நூற்று இருபது பேர். தண்ணீர் கேன் வாங்கியிருந்தேன். ஏன் கேன் என்று கனிராஜ் கேட்டான். சும்மா என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

நகராட்சி ஓவர்சியர் வந்து சாக்கடைப் பக்கம் நின்று பார்த்தார். தோண்டி மாற்ற டெண்டர் விடவேண்டுமாம். இரண்டு மாதம். "அதுவரைக்கும் மோட்டார கழட்டுங்க. சட்டப்படி போடவே கூடாது. நாங்க பிடுங்க வந்தா அருவாளத் தூக்கிட்டு வர்றீங்க. ஒங்களுக்குள்ள பேசி முடிங்க."

பேசி முடிப்பதாம். இந்தத் தெருவில் ஒரு தெருவிளக்கு எந்தக் கம்பத்தில் என்பதையே மூன்று வருடமாகப் பேசி முடிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மரகதத்தக்காவின் தையல் கடையில் கூட்டம். நாற்பது பேர். செல்வராணிக்கு மட்டும் நாற்காலி. அவள் புருஷன் முனீஸ் லாரி ஓட்டுகிறவன். பக்கத்திலேயே நின்றான்.

நர்ஸ் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். மோட்டார் இழுக்கிறது, சாக்கடை உள்ளே வருகிறது, அடுத்த முறைக்குள் கழற்றவேண்டும், கர்ப்பிணிக்கு இனி ஒரு மடக்கு கூடக் காய்ச்சாமல் கொடுக்கக்கூடாது.

சங்கரலிங்கம் அண்ணாச்சி எழுந்தார். "எம்வீடு கடைசி. பத்தொன்பது மோட்டார்ல பதினெட்டு எனக்கு முன்னாடி இருக்கு. நான் கழட்டுனா அவனவன் உறிஞ்சுவான், நான் காத்தக் குடிக்கணும். எல்லாரும் கழட்டுவாகன்னு யாரு எனக்கு எழுதித் தருவா?"

"அப்ப செத்துப்போன புள்ளைக்கு என்ன பதிலு?" என்றார் மரகதத்தக்கா.

"அதுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளு அங்க நிக்கான்." என் பக்கம் கையை நீட்டினார். "மோட்டாரு வாங்கிட்டு வந்தது யாரு? பத்தொன்பதையும் மாட்டுனது யாரு? இந்தத் தெருவுல மொத மோட்டாரு யாரு வீட்டுது? கேளுங்க அவன."

தையல் மெஷின் மேல் யாரோ போட்டிருந்த ஒரு சட்டைத் துணி கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்து மடித்து வைத்தேன்.

"பதில் சொல்லுலே! ஒன் பொண்டாட்டிக்கு எமன் வெளியூர்ல இருந்தா வந்தான்?"

நான் வந்துவிட்டேன். கூட்டம் அத்தோடு முடிந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் சொன்னதில் ஒரு பிழை. பத்தொன்பதில் இரண்டை நான் மாட்டவில்லை. பதினேழுதான்.

மார்ச் 26, புதன்

தண்ணீர் முறை. 6.05க்குத் தெருமுனைக் கம்பத்தில் ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை. எளிதான தீர்வு. யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

6.20க்குக் கண்டுபிடித்துவிட்டார்கள். முனீஸ் ஓடி வந்து கன்னத்தில் அறைந்தான். கம்பத்தில் சாய்ந்தேன்.

"எம்பொண்டாட்டி வயித்துப் புள்ளையோட கொடத்தத் தூக்கிட்டு மாடி ஏறணுமாடா? அவ தூக்கக் கூடாதுன்னுதானடா மோட்டாரு போட்டோம்!"

இதையே நான் அக்டோபரில் கடைக்காரனிடம் சொல்லி மோட்டார் வாங்கினேன்.

ஃபியூஸ் கட்டைகளை என் பையிலிருந்து அவர்களே எடுத்தார்கள். சட்டை கிழிந்தது. அதை மாட்ட லைன்மேன் வந்து கரண்ட் வந்தபோது ஏழரை. நிறையப் பேருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. எல்லாரும் என் வாசலில் நின்று திட்டினார்கள். குடத்தால் கதவை இடித்தார்கள். போகட்டும் என்று இருந்தேன்.

எல்லாரும் போனபிறகு மரகதத்தக்கா வந்தார். ஆறுதலுக்கு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"நல்லது செய்யுறன்னு நெனப்பாக்கும். மோட்டார மாட்டுனப்பவும் நீயா மாட்டுன. கரண்டப் பிடுங்குனப்பவும் நீயாப் பிடுங்குன. எங்கள எப்பய்யா கேப்ப நீயி? நாங்க என்ன கொழாயா, தொறந்து மூட?"

மார்ச் 27, வியாழன்

மில்லில் கன்னத்தைப் பார்த்துக் கேட்டார்கள். பெல்ட் அறுந்து அடித்தது என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு என் வீட்டு மோட்டாரைக் கழற்றினேன். முதலில் ஒயரை. பிறகு இரண்டு பக்கமும் குழாயை இணைக்கிற யூனியன். பிறகு நான்கு போல்ட். ஒரு போல்ட் துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். அக்டோபர் 20ஆம் தேதி இதை மாட்டியபோது முதல் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து காளீஸின் முகத்தில் அடித்தது. அவள் சிரித்தாள். அவ்வளவுதான்.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரு நடுவில் சாக்கடை மேல் போட்ட கல்லில் வைத்தேன். பக்கத்தில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி பையோடு வந்தார். "என்னலே, கடை போட்டிருக்க?"

"நீங்க அன்னைக்குக் கேட்டீக அண்ணாச்சி. மொத மோட்டாரு என்னோடது. இது இழுத்ததால பக்கத்து வீட்டுக்குத் தண்ணி வரல. அவுக கேட்டாக, மாட்டிக் குடுத்தேன். அவுகளால அடுத்த வீட்டுக்கு வரல. அப்படியே கடைசி வரைக்கும். இழுத்தா வெளிய இருக்கிறது உள்ள வரும்னு நான் படிச்சிருக்கேன். சாக்கடை குறுக்க போறதும் தெரியும். ரெண்டையும் சேத்து யோசிக்கல."

"யோசிக்கலையா? நெசமாவா?"

"வாடை வந்துச்சு. மொத அஞ்சு நிமிசத்தக் கீழ விட்டா சரியாப்போகும்னு அவகிட்டச் சொன்னேன்."

அவர் கறிக்கடைக்குப் போய்விட்டார். நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருத்தர், "இப்ப எங்க மோட்டாரயும் கழட்டணும்பியாக்கும்" என்று முறைத்தார்.

"நான் எதுவும் சொல்லல. நீங்க சொல்லுங்க, என்ன செய்யணும்னு."

மரகதத்தக்கா உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். மறுபடியும் தெரு வந்தது, கட்டங்கள் வந்தன. மோட்டார் இல்லாமல் தண்ணீர் கடைசி வீடு வரைக்கும் ஏறுமா என்று கேட்டார்கள். முன்பக்க வீடுகள் நாற்பது நிமிடத்தில் குழாயை மூடினால் ஏறும் என்றேன். அதைச் சொன்னதும் முன்பக்கத்துப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"எங்க பக்கம் ஒருத்தருக்கும் காமாலை இல்லையே. நாங்க எதுக்கு மூடணும்?"

"ஒன் மக எங்க டியூசன் போறா?" என்றார் மரகதத்தக்கா. "இந்தப் பக்கம் ஏழாம் நம்பர் வீட்ல. அங்க என்ன, வாயக் கட்டிட்டா ஒக்காந்திருக்கா?"

அப்போது செல்வராணி பேசினாள். இவ்வளவு நாளில் அவள் குரலை இன்றுதான் கேட்டேன். "நான் மாடியில இருந்து எறங்கி வந்து புடிச்சுக்கறேன். எம்புருசன் தூக்குவாரு. நாப்பது நிமிசத்துல மூடுங்க அக்கா. வேற ஒண்ணும் கேக்கல."

யார் எப்போது மூடுவது, யார் சுற்றிவந்து பார்ப்பது என்று மதியம் வரை போனது. ஒருத்தரை நம்பி ஒருத்தர் விடமாட்டார்கள். அதனால் இரண்டு இரண்டு பேராகக் காவல். எதிரும் புதிருமான ஆட்களாகப் பார்த்து ஜோடி போட்டார் மரகதத்தக்கா. "சேந்த ஆளுகளப் போட்டா சேந்தே திருடுவாக."

ஏப்ரல் 2, புதன்

மில் முடிந்து வந்து இரண்டு நாளாக மோட்டார் கழற்றுகிறேன். வீட்டுக்கு வீடு வசவு. ஒரு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வசவாகக் கொடுத்தார் ஒரு பெரியவர். முனீஸ் மட்டும் ஸ்பேனர் பிடித்துக் கூட வந்தான்.

பதினெட்டு ஆயிற்று. சங்கரலிங்கம் அண்ணாச்சி கதவைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

தண்ணீர் முறை. 6.40க்கு முன்பக்கம் மூடினார்கள். அதற்குள் இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் கெட்ட வார்த்தையில் திட்டியாகிவிட்டது. இந்தப் பக்கம் குழாய்களில் விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்தது. 6.50க்கு நின்றது. கடைசி வீட்டிலிருந்து கிர்ரென்று சத்தம். பேரிங்.

நான் போகக் கிளம்பினேன். மரகதத்தக்கா கையை நீட்டித் தடுத்தார். "நீ நில்லு."

பெண்கள் காலிக் குடங்களோடு போய் அவர் வாசலில் நின்றார்கள். திட்டவில்லை. கதவைத் தட்டவுமில்லை. பதினைந்து பேர் சும்மா நின்றார்கள். அண்ணாச்சி வெளியே வந்து, "என்ன, என்னையக் கொல்லப் போறீகளா?" என்று கத்தினார். உள்ளே மாடிப்படியிலிருந்து செல்வராணி இறங்கிவந்தாள். படிக்குக் கீழே இருந்த சுவிட்சை அணைத்தாள்.

"வீட்டக் காலி பண்ணு" என்றார் அண்ணாச்சி.

"பண்ணுறேன் அண்ணாச்சி. இந்த ஒரு கொடம் நெறையட்டும்."

அவர் வாசல் குழாயில் குடத்தை வைத்துவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். குடத்துக்குள் ஒன்றும் விழவில்லை. அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தார். "பாத்தீகளா? வராது. ரெண்டு வருசம் லாரித் தண்ணிக்குக் காத்துக் கெடந்தவன் நான்." 7.20க்குக் குழாய் இருமியது. காற்று வந்தது, பிறகு சொட்டு, பிறகு பென்சில் கனத்துக்கு ஒரு கோடு. அவர் கட்டிய கை கட்டியபடியே இருந்தது.

காலையிலேயே வந்திருந்த நர்ஸ் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டார். லேசான மஞ்சள். சூரியனுக்கு நேராகப் பிடித்தால்தான் தெரிந்தது.

"இது நல்லதா, கெட்டதா?" என்றார் அண்ணாச்சி.

"நல்லது. ஆனாலும் விரிசல் அப்படியேதான் இருக்கு. அத மாத்துற வரைக்கும் காய்ச்சித்தான் குடிக்கணும். எல்லாரும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஸ்பேனர் எடுத்துட்டு வாலே. கழட்டிட்டுப் போ. அதுக்கப்புறம் எம்வாசல்ல நீ கால வைக்கக்கூடாது."

கழற்றினேன். பேரிங் போய்த்தான் இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

செல்வராணிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். காமாலை இல்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்று நர்ஸ் சொன்னாராம். மரகதத்தக்கா தெருவில் நின்று சத்தமாகச் சொன்னார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காளீஸின் இரண்டு புடவைகள் இன்னும் கொடியில்தான் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு என் சட்டையைப் போட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை 5.40. இன்று தண்ணீர் முறை.

நேற்றிலிருந்து ஏழு பேர் போன் செய்துவிட்டார்கள். எல்லாரும் காவல் முறைக்குக் கைதூக்கியவர்கள். முன்பக்கத்துக்காரர் ஒருவர்: "சின்னதா ஒண்ணு, சத்தம் வராத மாதிரி. தரைக்குள்ள பொதைச்சிரலாம். ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியணும் தம்பி." இன்னொருத்தர் வீட்டில் விசேஷமாம். இன்று ஒருநாள் மட்டும். வசவு பாடிய பெரியவர் இப்போது "ராசா" என்று கூப்பிடுகிறார். மாட்ட மாட்டேன் என்றதும் காளீஸின் பெயரைச் சொல்லித் திட்டினார்.

முதலில் அவர்கள்மேல் கோபம் வந்தது. பிறகு வரவில்லை. நான் கேட்டிருந்தால் நானும் இதே குரலில்தான் கேட்டிருப்பேன். கேட்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போயிற்று. எனக்கே மாட்டத் தெரியும்.

ஆறிலிருந்து ஏழு வரை என் காவல். மரகதத்தக்கா எனக்கு ஜோடி போட்டிருப்பது சங்கரலிங்கம் அண்ணாச்சி. வந்துவிட்டார். என் வாசலுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, டார்ச் லைட்டைத் தொடையில் தட்டிக்கொண்டு நிற்கிறார். கூப்பிடமாட்டார். நான் போகாமல் அவரும் நகரமாட்டார்.

போன் மறுபடி அடிக்கிறது. எட்டாவது ஆள். யார் என்று பார்க்கவில்லை. போனை அணைத்துவிட்டேன்.